ஓட்டு முடியிற வரைக்கும் செத்திருங்க அண்ணே

வாயை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் நான். ஜொகூரில் எங்கே தேர்தல் வந்தாலும், கூம்பு ஸ்பீக்கர் கட்டிய வேனில் உட்கார்ந்து தெருத் தெருவாகக் கத்துவது என் தொழில். மேடைக்குத் தலைவர் வந்து சேரும்வரை கூட்டத்தைச் சிரிக்க வைத்துப் பிடித்து வைப்பதும் நான்தான். தலைவர்கள் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்கள். ஆகவே இந்த மாநிலத்தின் அரசியல் வரலாற்றில் அதிகமாகப் பேசியவன் நான், ஒன்றும் சொல்லாதவனும் நான். மைக் மணியம் என்றால் எங்கள் ஊர் பாலோவில் நாய்க்குக்கூடத் தெரியும். சில நாய்களுக்கு என்னைப் பிடிக்காது.

போன வாரம் கட்சியின் இளைஞர் பிரிவிலிருந்து இரண்டு தம்பிகள் வீட்டுக்கு வந்தார்கள். புதுப் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். ஒருவன் பையைத் திறந்து கேமராவை எடுத்து மேசையில் வைத்தான். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"கேமரா வேணாம் தம்பி. எழுதித் தரேன்."

"அண்ணே, உங்களுக்கு எழுத வருமா?"

"வராது. ஆனா எழுத்த யாரும் வெட்டி மியூசிக் போட மாட்டாங்க."

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு, பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தவர்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பயத்தை மட்டும் திருத்தாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது.

வேலைக்கு வந்த கதை சின்னது. சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டு சின்னப்பன் சார் பக்கத்தில் வந்து நின்றார். அவர்தான் அப்போது எங்கள் வட்டாரத்தில் தேர்தல் வேலை பார்ப்பவர். "மீனும் வேட்பாளரும் ஒண்ணுதாண்டா. கெட்டுப் போகலன்னு நம்ப வெக்கணும்," என்றார். மறுநாள் வேனில் ஏறினேன்.

முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பாத்துப் போடு, பாத்துப் போடு" என்று கடைத்தெரு முழுக்கக் கத்திக்கொண்டு போனேன். பீசாங் கோரெங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, பொரித்துக்கொண்டிருந்த பாக் சமாட், கரண்டியோடு நடுரோட்டுக்கு வந்து வேனை மறித்தார். எண்ணெய் சொட்டுகிறது. "யார போடோன்னு சொல்ற?" என்று மலாயில் கேட்டார். மலாயில் போடோ என்றால் முட்டாள். நான் ஓட்டைப் போடச் சொன்னேன், அவர் காதில் ஊரையே முட்டாள் என்று திட்டுவதாக விழுந்திருக்கிறது. நான்தான் முட்டாள் என்று உடனே ஒப்புக்கொண்டதால் உயிரோடு விட்டார்.

சின்னப்பன் சார் கத்த மாட்டார். கோபம் ஏற ஏற அவர் பேச்சு மெதுவாகிக்கொண்டே போகும். முழுக் கோபத்தில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் ஒரு சிகரெட் முடியும். ஏன் சார் என்னைத் திட்டவே மாட்டேன்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கத்தறதுக்குத்தானே உன்ன வெச்சிருக்கேன்" என்றார்.

பாக் சமாட் மறித்ததற்கு அடுத்த நாள் சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அதற்கு மூன்று காது பார்ப்பது என்று பேர். புது வரி எதையும் நேராக வேனில் ஏற்றக் கூடாது. முதலில் பாக் சமாட் கடைக்குப் போய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, அந்த வரியைச் சும்மா சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். அவர் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினால் வரி போச்சு. அடுத்து சீனர் காப்பிக் கடை. அங்கே தலையைத் தூக்க மாட்டார்கள், ஆனால் காப்பி ஆற்றும் கை நிற்கும். அந்தக் கையைப் பார்க்க வேண்டும். கடைசியாகத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் காளியம்மா அக்கா. அவர் முகத்தையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, வாயே சொல்லிவிடும். மூன்று இடத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், சார் அந்தக் காகிதத்தின் மூலையை மடித்து என் சட்டைப் பையில் வைப்பார். அவரிடம் கிடைக்கும் பாராட்டு அவ்வளவுதான்.

அப்படி மூன்று காதும் தாண்டி வந்த வரிகளில் என் பேரைச் சொல்லும் வரி ஒன்று உண்டு. இருக்கிற சட்டமன்ற உறுப்பினரை எங்கள் ஆள் எதிர்த்து நிற்கும்போதெல்லாம் சொல்வேன். அவரை இங்கே ஒய்பி என்போம். "பல்ப மாத்திப் போடறோம். டயர மாத்திப் போடறோம். எனக்குப் பல்லையே மாத்திப் போட்டுட்டாங்க. பொண்டாட்டிய மாத்த முடியாது, அடிப்பா. ஒய்பிய மாத்தலாம். மாத்திப் போடுங்க." பல வருஷம் ஓடிய வரி. பாக் சமாட்டே சிரித்திருக்கிறார்.

சார் காலமானார். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஓட்டு வந்தது. வேன் நின்றது. "இப்ப யாரு அண்ணே ஜன்னலத் தொறந்து கேக்கறாங்க" என்றாள் ஷாமினி. சிம்பாங் ரெங்கத்தில் கடை மாடி ஒன்றில் எங்கள் தேர்தல் அறை. அங்கே வீடியோ வேலைக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. கெட்டிக்காரப் பெண், என்னை மரியாதையாக நடத்துவாள். மேடையில் நான் பேசியதை எடுத்து, என் பழைய வரியை நறுக்கி, மேளம் வைத்து ஒரு துண்டு செய்தாள். பல்பு போச்சு, டயர் போச்சு, என் பொண்டாட்டியும் போனாள். மிஞ்சியது இவ்வளவுதான்: "ஒய்பி, மாத்தி. ஒய்பி, மாத்தி." அதற்கு நான் இடுப்பை ஆட்டுவதுபோல் வேறு செய்திருந்தாள். நான் ஆட்டியது கொசுவுக்கு.

ஓடியது பாருங்கள், தீ மாதிரி. பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள், ஃபாக்டரிப் பெண்கள் ஆடினார்கள். கூலாயிலிருந்து என் கொழுந்தியா கூப்பிட்டு, "மாமா, உங்களுக்கு இடுப்பு இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றாள். இந்த வயதில் இப்படி ஒரு புகழ். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன் என்று வையுங்கள்.

பிறகு யாரோ அதற்குக் கீழே மலாயில் எழுத்துப் போட்டார்கள். எங்கள் ஆளா, அவர்கள் ஆளா, விளையாட்டுக்குச் செய்ததா, இன்றுவரை தெரியாது. மலாயில் மாத்தி என்றால் சாவு. தமிழில் எழுதினாலும் மாத்தி, மலாயில் சொன்னாலும் மாத்தி. நான் இப்போது எழுதுவதையே பாருங்கள், எது எது என்று உங்களால் சொல்ல முடியாது. முழு வரிக்குத்தான் நாங்கள் காது பார்த்தோம். துண்டுக்கு யாரும் பார்க்கவில்லை. "ஒய்பி சாகட்டும்" என்று ஓர் இந்தியக் கிழவன் இடுப்பை ஆட்டிக்கொண்டு சொல்கிறான். அப்படித்தான் தமிழ் தெரியாத பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். ரசித்தார்கள். எனக்கு அங்கிள் மாத்தி என்று பேரும் வைத்தார்கள்.

இனி என்னை நடுங்க வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலைச் சந்தை. லாரியின் பக்கப் பலகையை இறக்கி மேடையாக்கி நான் மைக்கோடு நிற்கிறேன். என் வாழ்நாளில் அவ்வளவு சின்ன வயதுக் கூட்டத்தைப் பார்த்ததில்லை. தமிழ், மலாய், சீனம் எல்லாம் கலந்து, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே. பாதிப் பேர் முகம் தெரியவில்லை, முகத்துக்கு முன்னால் ஃபோன். அப்போது சந்தைக்குள் ஒய்பியின் கறுப்புக் கார் வந்தது. எங்கள் ஒய்பியான ஹாஜி நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன், அவரை எதிர்த்துத்தான் சோறு தின்றேன். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டால் பதிலுக்கு நெஞ்சில் கை வைக்கிற மனிதர்.

ஒரு பையன் ஃபோனை உயர்த்தி அந்த வீடியோவைப் போட்டான். பக்கத்தில் இன்னொருவன். பிறகு எல்லாரும். நூறு ஃபோனில் நூறு மணியம். "ஒய்பி, மாத்தி." மோட்டார் சைக்கிள்கள் காரைச் சுற்றி நின்றன. தாளத்துக்குச் சரியாகக் கார் மேல் கையால் தட்டினார்கள். யாருக்கும் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டுதான் தட்டினார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபமான கூட்டத்தை நான் இறக்கியிருக்கிறேன். சிரிக்கிற கூட்டத்தை ஏற்றித்தான் பழக்கம், இறக்கிப் பழக்கமில்லை.

"தம்பிங்களா, போதும்பா. வண்டிக்கு வழி விடுங்க," என்றேன் மைக்கில்.

யாரும் திரும்பவில்லை. என் குரலை என் குரலே அமுக்கியது. இன்னும் உரக்கக் கத்தினேன். ஒருவன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். "அங்கிள், அது இல்ல அங்கிள். மாத்தி சொல்லுங்க," என்று ஃபோனை என் பக்கம் திருப்பினான்.

கார் கூரையில் ஒருவன் ஏறிவிட்டான். கண்ணாடிக்குள்ளே ஹாஜி தெரிந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு, பல் பிடுங்கப் போன பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. ஓதிக்கொண்டிருந்தார் போல.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. மைக்கைப் போட்டுவிட்டு, கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போய் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். என் எண்ணம் சின்னதுதான்: நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என் பிள்ளைகள் அந்த வண்டியை ஒன்றும் செய்ய மாட்டார்கள். கதவு திறந்தது. உள்ளிருந்து ஒரு கை என்னைப் பிடித்து இழுத்தது. அங்கிள் மாத்தி உள்ளே போவதைப் பார்க்கக் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது, படம் எடுக்க வசதியாக. கூரையில் ஏறியவன் குதித்தான். அந்த இடைவெளியில் டிரைவர் வண்டியை எடுத்தார்.

செம்பனைத் தோட்டம் வந்ததும் ஹாஜி கேட்டார். மலாயில்தான்.

"மணியம், நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"ஒய்பி, அது உங்க மாத்தி இல்ல. எங்க மாத்தி. துக்கார். ஆள மாத்தறது."

"துக்கார் மட்டும்தானா?"

"துக்கார் மட்டும்தான். அல்லா சத்தியமா, என் சாமி சத்தியமா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "என் மக ஸ்கூல்லேர்ந்து வந்து கேட்டா. அப்பா, எல்லாரும் சொல்றாங்களே, நீங்க எப்ப சாவீங்கன்னு." பிறகு, "துக்காருன்னாலும் எனக்குப் பயமாத்தான் இருக்கு மணியம். ஆனா அந்தப் பயத்தோட சாப்பிட முடியும்," என்றார்.

பாலோ போகும் சாலையில் இறக்கிவிட்டார். இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் நான் இப்போதும் மேடையில் இருப்பேன்.

அன்று சாயங்காலமே அடுத்த வீடியோ. நான் கண்ணாடியைத் தட்டுகிறேன். ஒரு கை என்னைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. கதவு மூடுகிறது. கறுப்புக் கார் பறக்கிறது. திரை இருட்டு. அங்கிள் எங்கே என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். ஒரு பொய்யும் இல்லை அதில். எல்லாம் நடந்தது. நடந்ததை வைத்தே நடக்காததைச் செய்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் வெளியே தலை காட்ட வேண்டாம் என்று தேர்தல் அறையிலிருந்து சொன்னார்கள். ஒய்பி காரில் ஏறியவன் என்று சிலர் கோபமாக இருக்கிறார்களாம். நானும் ஃபோனை அணைத்துவிட்டு வீட்டில் கிடந்தேன். ஆள் காணோம் என்றதும் இரண்டு நாளில் என்னைக் கொன்றுவிட்டார்கள். புல்லாங்குழல் இசை, என் படம், மெழுகுவர்த்தி. நான் இடுப்பை ஆட்டுவதையே மெதுவாக ஓட்டியிருந்தார்கள், என் மனைவி லெட்சுமியின் ஃபோனில் பார்க்க எனக்கே அழுகை வந்தது. கூலாய்க் கொழுந்தியா அதே ஃபோனில் கூப்பிட்டு ஒப்பாரி வைத்தாள்.

"எப்படிக்கா போச்சு, எப்படிப் போச்சு?"

"எங்கடி போச்சு. இப்பத்தான் ரெண்டாவது தடவ சோறு போட்டுத் தின்னுது."

நாங்கள் சிரித்தோம். மறுநாள் ஹாஜியின் சேவை மையக் கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்தார்கள். கல்லைச் சுற்றி என் படம். லெட்சுமி அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து வாசல் கதவைப் பகலிலும் பூட்டினாள். "உன் பேரச் சொல்லி யாராச்சும் அந்த மனுசன ஏதாச்சும் செஞ்சிட்டா, உனக்குச் சோறு எறங்குமா?" என்றாள். இறங்காது. அன்றைக்கே இறங்கவில்லை.

தொப்பி போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு தேர்தல் அறைக்குப் போனேன்.

"வாங்கண்ணே, உக்காருங்க. தண்ணி குடிங்க," என்றாள் ஷாமினி.

"செத்தவனுக்கு எதுக்குத் தண்ணி. அந்த வீடியோவ எடுத்துடும்மா."

"நாங்க போடல அண்ணே. யாரோ போட்டது. எங்களால எடுக்க முடியாது."

"அப்ப நான் உயிரோட இருக்கேன்னு ஒண்ணு போடு."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நோயாளியிடம் பேசுவதுபோல் தணிவாகப் பேசினாள். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பிள்ளைங்க ஓட்டுப் போடவே வராதுன்னு நெனச்சோம். இப்ப சிங்கப்பூர்ல வேல செய்யறதுங்ககூட லீவு போட்டு வருதுங்க. உங்களுக்காக. நீங்க இப்ப சிரிச்சிக்கிட்டு வந்து நின்னா, எல்லாம் திரும்பிப் படுத்துடும்."

"அதுக்கு?"

"ஓட்டு முடியிற வரைக்கும் செத்திருங்க அண்ணே. அப்புறம் பெரிசா ஒரு வீடியோ போட்டு உங்கள உயிரோட கொண்டு வந்துடலாம். கேக் வெட்டலாம்."

"அந்த ஹாஜிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. எல்லாம் ஃபோன்லதான்."

"கல்லு ஃபோன்லேர்ந்தா வந்துச்சு?"

அவள் என் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். கெட்ட பெண் இல்லை அவள். கேக்குக்கு என்ன ருசி பிடிக்கும் என்று கேட்டிருப்பாள், நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நானே வீடியோ எடுத்தேன். லெட்சுமிதான் பிடித்தாள், கால்வாசி அவள் கட்டைவிரல். அன்றைய பேப்பரைக் காட்டினேன், வாழைப்பழம் தின்று காட்டினேன், முழு வரியையும் பல்பிலிருந்து சொல்லிக் காட்டினேன். கீழே வந்து விழுந்தது பாருங்கள். ஏஐ என்றான் ஒருவன். நல்லா செஞ்சிருக்காங்க, ஆனா வாழைப்பழம் முழுங்கற இடத்துல மாட்டிக்கிச்சு என்றான் இன்னொருவன். பல்லைப் பாருங்கள், அது பொய் என்று ஒரு பெண் வட்டம் போட்டுக் காட்டியிருந்தாள். பல் பொய்தான். அதை எப்படி மறுப்பேன்.

போலீசில் போய் நான் உயிரோடு இருப்பதாக ரிப்போர்ட் கொடுத்தேன். சார்ஜண்ட் சிரிக்காமல் எழுதி முடிக்க ரொம்பப் பாடுபட்டார். அந்தக் காகிதத்தைப் படம் எடுத்துப் போட்டேன். அதையும் பொய் என்றார்கள். ஹாஜிக்கு ஃபோன் செய்தேன். மகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்றார். "நீ சாகலன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் மணியம். அது ரெண்டு ஓட்டுதான்," என்றார்.

அவருக்கு அடி எதுவும் படவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயந்துகொண்டிருக்க வேண்டாம். தோற்றார். நாங்கள் ஜெயித்தோம். கேக் வெட்டும்போது என்னைக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அன்றிலிருந்து மைக்கைத் தொடவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை, ஓட்டுப் போட்ட அன்று நடந்தது.

எங்களுக்கு ஓட்டுச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடம். வயதானவர்களுக்கு ஒரு வரிசை, இளசுகளுக்குக் கோடியில் வேறு வரிசை. எங்கள் வரிசை குட்டை, சீக்கிரம் போட்டுவிட்டு விரலில் மையோடு வெளியே வந்தேன். கோடி வரிசை பள்ளித் திடலைச் சுற்றிப் போயிருந்தது. அவ்வளவு பிள்ளைகள். எனக்கு மனது கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்கள் பக்கமாக நடந்து, "தம்பிங்களா, நான் சாகலப்பா," என்றேன்.

வாசலில் நின்ற அதிகாரி வந்து என் தோளைத் தொட்டார். மலாய்க்காரர், பணிவாகத்தான் சொன்னார். "அங்கிள், இங்க பிரச்சாரம் பண்ணக் கூடாது."

"பிரச்சாரம் இல்ல என்சேக். உயிரோட இருக்கேன்னு சொல்றேன்."

அவர் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னிக்கு அதுவும் பிரச்சாரம்தான் அங்கிள்," என்றார்.

மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வரிசை நகர்ந்து, ஒரு தமிழ்ப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். முதல் ஓட்டு என்று முகத்திலேயே தெரிந்தது, கோயிலுக்கு வந்தவள் மாதிரி தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்க அவரோட சொந்தமா? அப்படியே இருக்கீங்க."

"நான்தாம்மா அது."

ஃபோனை எடுத்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல அவ்வளவு பொறுமை. பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்ல அங்கிள். அவரு இன்னும் கொஞ்சம் கலரா இருப்பாரு."

"அது மேடை லைட்டும்மா."

"பரவால்ல அங்கிள்." துக்கத்தில் புத்தி பேதலித்த சொந்தக்காரன் என்று முடிவு செய்துவிட்டாள் போல, என் கையை லேசாகத் தட்டிக் கொடுத்தாள். "கவலப்படாதீங்க. நான் அவருக்காகத்தான் வந்திருக்கேன்."

உள்ளே போனாள். திரும்பி வந்தபோது விரலில் மை காயவில்லை, ஊதிக்கொண்டே வந்தாள். நேராக என்னிடம் வந்து, ஃபோனை நீட்டி, "உங்க விரலையும் வைங்க அங்கிள், ஒரு படம் எடுத்துக்கறேன்," என்றாள்.

எனக்கு ஒரு ஆசை வந்தது. தலையை நீட்டி, பல்லெல்லாம் தெரிய அவள் தோளுக்குப் பக்கத்தில் சிரித்தேன்.

"முகம் வேணாம் அங்கிள். விரலு போதும்."

வைத்தேன். அவள் விரலும் என் விரலும் பக்கத்தில் பக்கத்தில். எடுத்ததைக் காட்டினாள். அழகாகத்தான் வந்திருந்தது. என் விரல் நடுங்கியது படத்தில் தெரியவில்லை. வீடியோவாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.